தராசில் ஏறிய உண்டியல்

போன வருஷம் ஒருநாள் என் சின்ன மகன் கேட்டான், "அம்மா, ஃபோன்ல காசு தீர்ந்துட்டா சார்ஜ் போட்டா வந்துருமா?" சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது. அவன் பார்த்த வரைக்கும் காசு என்பது ஒரு சதுரப் படத்தின் முன்னால் ஃபோனைக் காட்டினால் நடக்கிற விஷயம். எங்கள் கடையிலேயே பாதி வியாபாரம் அப்படித்தான். பெட்டி "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும், ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருவர் கையிலிருந்து குறைந்து இன்னொருவர் கைக்குப் போவதை அவன் பார்த்ததே இல்லை.

விருதுநகரில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. காலையில் கல்லாவில் நான், சாயங்காலம் வீட்டுக்காரர். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. இரண்டு பேருக்கும் காசு சேர்க்கச் சொல்லிக்கொடுத்த கதையைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு கண்ணில் படவேண்டும், கையில் கனக்கவேண்டும். அதற்கு நான் பிடித்தது பத்து ரூபாய் நாணயத்தை. எங்கள் பக்கம் அதைப் பல கடைகளில் வாங்கமாட்டார்கள். ரிசர்வ் வங்கி 2018-லேயே 14 வடிவங்களில் வந்திருக்கிற எல்லாமே செல்லும் என்று அறிவித்துவிட்டது, ஆனாலும் "வேற நோட்டு இருக்காக்கா?" என்பதுதான் பேச்சு. நான் வாங்கிக்கொள்வேன். அதனால் கல்லாவில் அது எப்போதும் குவிந்து கிடக்கும். வெளியே சுலபத்தில் செலவாகாத காசைவிடப் பிள்ளைகள் சேர்ப்பதற்கு வேறு எது தோது? ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவனுக்கு மூன்று காசு, பெரியவளுக்கு ஆறு. சின்னவன் இரண்டை உண்டியலில் போடவேண்டும், ஒன்று கைச்செலவுக்கு. பெரியவளுக்கு நான்கும் இரண்டும்.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. காசு கைக்கு வந்த அந்த நிமிஷமே உண்டியலுக்குப் போய்விட வேண்டும். சனிக்கிழமை மிச்சம் இருப்பதைப் போடுகிறேன் என்ற பேச்சே கூடாது, ஏனென்றால் சனிக்கிழமை மிச்சம் இருக்காது. எங்கள் ஊருக்கு இது புதுசும் இல்லை. அந்தக் காலத்தில் வியாபாரிகள் விற்றுமுதலில் மகமை என்று ஒரு சிறு பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவார்கள். வீடுகளில் உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒதுக்குவார்கள். சோறு வடித்த பிறகு எடுத்து வைக்கிறேன் என்றால் நடக்குமா? எங்கள் ஊரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா மகமைப் பணத்தில் வளர்ந்த பள்ளிக்கூடம். காமராஜர் படித்ததும் அங்கேதான். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது பெரியவள், "அப்ப ஞாயித்துக்கிழமை காசு உலைக்கு முன்னாடி போடுற பிடி அரிசியாம்மா?" என்றாள். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

வீட்டுவேலைக்குக் கூலியாக இந்தக் காசைக் கொடுப்பதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குக் காசு கொடுத்தால், நாளைக்குக் காசு வேண்டாம், தட்டையும் கழுவமாட்டேன் என்று சொல்லலாம் அல்லவா? கைச்செலவுக் காசில் என்ன வாங்கினாலும் கேட்பதில்லை. நம் கடையிலேயே கடலை மிட்டாய் எடுத்தாலும் காசைக் கல்லாவில் போட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். "நம்ம கடைதானேம்மா" என்று முதல் வாரம் அழுதான். இப்போது அவனே கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி டப்பென்று மூடுகிறான்.

சரி, எதற்காகச் சேர்ப்பது? இங்கேதான் பெரியவர்கள் கெடுத்துவிடுகிறோம். "படிப்புக்குச் சேர்த்து வை" என்றால் எட்டு வயதுப் பையனுக்கு அது என்ன? படிப்பு அவனுக்கு வேண்டாத பொருள். அவன் ஆசைப்பட்டது மீன் தொட்டி. எனக்குப் பிடிக்கவில்லை, தண்ணீர் மாற்றுவது என் தலையில்தான் விழும் என்று தெரியும். ஆனாலும் ஆசை அவனுடையதாக இருந்தால்தான் வேலை நடக்கும். கடைக்குக் கூட்டிப்போய் அவனையே விலை கேட்கச் சொன்னேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினான்: தொட்டி 480, தங்கமீன் இரண்டு 60. மொத்தம் 540. "தீனிக்கு யார் காசு?" என்றேன். யோசித்துவிட்டு 40 சேர்த்தான். 580.

வாரம் இருபது ரூபாய் வீதம் 29 வாரம் ஆகும். எட்டு வயதுக்கு 29 வாரம் என்பது ஒரு யுகம். என் கணக்கில், ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்குமேல் போகக்கூடாது, எட்டு வயதுக்கு மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரண்டே வழிதான்: ஆசையைச் சின்னதாக்க வேண்டும், இல்லையென்றால் காசைக் கூட்டவேண்டும். பெரியவர்கள் மிச்சத்தைப் போட்டு வாங்கிக்கொடுப்பது மூன்றாவது வழி. அதைச் செய்யாதீர்கள், அடுத்த தடவை பாதியிலேயே நம் முகத்தைப் பார்ப்பான். மறுபடி கடைக்குப் போனோம். கண்ணாடி ஜாடி 120, ஃபைட்டர் மீன் ஒன்று 60, தீனி 40. ஆக 220 ரூபாய், பதினோரு வாரம். மாதக் காலண்டரில் பதினோரு ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, கடைசி வட்டத்துக்குள் ஒரு மீன் வரைந்தான். வால் மட்டும்தான் வட்டத்துக்குள் இருந்தது.

உண்டியல் மண் உண்டியலாக இருக்கட்டும். பொங்கல் பானை விற்கிற இடத்திலேயே கிடைக்கும். பூட்டுச் சாவி போட்ட தகர உண்டியலை நாலு நாளுக்கு ஒருதரம் திறந்து பார்ப்பார்கள். மண் உண்டியலை உடைத்தால் உடைத்ததுதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு: எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. தெரியாவிட்டால் இரண்டாவது மாதம் சுவாரசியம் போய்விடும். மளிகைக் கடை வைத்திருப்பதில் ஒரு லாபம், தராசு இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். காலி உண்டியலை முதல் நாளே நிறுத்து, அடியில் மார்க்கரால் எழுதிவிட்டோம்: 640. எட்டாவது வாரம் தராசு 765 காட்டியது. 640 போக 125. அதை 7.71-ஆல் வகுத்தால் 16 காசும் கொஞ்சமும். தராசு ஐந்து கிராமுக்குக் கீழே காட்டாது, அந்தக் கொஞ்சத்தை விட்டுவிடலாம். 160 ரூபாய், இன்னும் மூன்று வாரம். மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தசம வகுத்தல் வராது, அக்காதான் போட்டுக்கொடுத்தாள். ஆனால் "45 கிராம் பாக்கி" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவன்தான். எல்லாம் ஒரே நாணயமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் தராசு இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள். எங்களை மாதிரி ஆட்கள் மாட்டேன் என்று சொல்லமாட்டோம்.

இந்தத் தராசுதான் என்னையும் பிடித்துக்கொடுத்தது. ஒரு திங்கட்கிழமை காலை நேரக் கூட்டம், சில்லறை சுத்தமாக இல்லை. ஒரு டீக்கடைக்காரர் பத்து ரூபாய்க் காசு வாங்கிக்கொள்வார், அவருக்கு 180 கொடுக்கவேண்டும். பெரியவளின் உண்டியல் கண்ணெதிரே அலமாரியில். மண் உண்டியலைக் கவிழ்த்து ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டு ஆட்டினால் காசு விழும் என்பது எனக்கு ஆறு வயதிலேயே தெரிந்த வித்தை. பதினெட்டுக் காசு எடுத்தேன். சாயங்காலம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் நிறுத்துப் பார்த்தாள். "அம்மா, 140 கிராம் குறையுது." வகுத்தாள். "பதினெட்டுக் காசு." தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்தபிறகு நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

அவள் அழவில்லை. கடையின் பாக்கி நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குப் பதில் "அம்மா" என்று எழுதி, தேதி போட்டு, பற்று 180 என்று எழுதினாள். தெருவில் பாக்கி வைத்தவர்கள் வரிசையில் நானும் ஒருத்தி. அன்றே இருநூறு கொடுத்தேன். "அசல் 180, வட்டி 20" என்று வரவு வைத்துக் கோடு போட்டாள். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பிள்ளையின் உண்டியலைத் தொடாதீர்கள். அவசரமென்றால் கேட்டு வாங்குங்கள், எழுதி வையுங்கள், வட்டியோடு கொடுங்கள். காணும் பொங்கலுக்கு அம்மாச்சியும் தாத்தாவும் கொடுக்கிற காசை "பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கி, அந்த மாதக் கேஸ் சிலிண்டருக்குக் கொடுக்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். எங்கள் வீட்டில் அந்தக் காசில் பாதி உண்டியலுக்கு, பாதி அவர்கள் இஷ்டம்.

மனசு மாறுவதற்கும் இடம் கொடுக்கவேண்டும். ஒன்பதாவது வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவான பங்குனிப் பொங்கல் வந்தது. பொருட்காட்சியில் ரிமோட் கார், 350 ரூபாய். சின்னவனுக்கு மீன் மறந்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "மாத்திக்கலாம், ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமைதான் மாத்தணும்" என்றேன். கையில் 180 இருக்கிறது, காருக்கு இன்னும் ஒன்பது வாரம், மீனுக்கு இரண்டு என்று அவனே விரல்விட்டு எண்ணினான். ஞாயிற்றுக்கிழமை கார் பேச்சே இல்லை. எப்போதும் இப்படி அமையும் என்று நினைக்காதீர்கள். பெரியவள் இதே வயதில் இப்படித்தான் மாற்றிக்கொண்டு விளக்கு எரிகிற ஷூ வாங்கினாள். நாலாம் நாள் விளக்கு அணைந்துவிட்டது. "அப்பவே சொன்னேன்ல" என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்த ஷூவை அவள் இருண்ட விளக்கோடு ஒரு வருஷம் போட்டாள்.

உண்டியலில் ரொம்ப நாள் பணத்தை வைப்பதும் சரியில்லை. என் அம்மா கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்த்தவர். 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி, பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு, டப்பாவோடு வந்து என் முன்னால் கவிழ்த்தார். பதினான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், கடுகு வாசனையோடு. அப்பாவுக்குத் தெரியாமல் சேர்த்த பணத்துக்கு அப்பாவே போய் வரிசையில் நின்றார்.

அதனால் பத்து வயது முடிந்ததும் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள். பத்து வயதுக்குமேல் பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். குறைந்தது 500 ரூபாய் வேண்டும். வங்கிகளும் பத்து வயதானவர்களைத் தனியாகக் கணக்கு நடத்த விடலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லியிருக்கிறது, எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். பெரியவளுக்குத் தபால் நிலையத்தில் தொடர் வைப்புக் கணக்கும் போட்டோம். ஆர்.டி. என்றால்தான் கவுன்டரில் புரியும். மாதம் நூறு ரூபாய், ஐந்து வருஷம். கட்டுவது 6,000, நாங்கள் தொடங்கியபோது இருந்த 6.7 சதவீத வட்டிக்கு முடிவில் ஏறக்குறைய 7,136 வரும். ஒரு மாதம் கட்டாவிட்டால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம். ஒருதரம் அதைக் கட்டியிருக்கிறாள், என் ஞாபகமறதியால் அல்ல, அவளுடையதால். முடியும்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கியிருப்பாள். பெண்பிள்ளைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கும் அவள் பெயரில் இருக்கிறது. ஆனால் அது நாங்கள் சேர்ப்பது, அவள் சேர்ப்பது இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

கையெழுத்துக்காக அவள் பழைய நோட்டில் ஒரு வாரம் பழகினாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் இரண்டு புள்ளி வைப்பது என்று முடிவானது. கவுன்டரில் இருந்த அம்மா, "எல்லாத் தடவையும் இந்த ரெண்டு புள்ளி வரணும் பாப்பா, பாத்துக்க" என்றார். அந்த வார்த்தையை அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாளாம்.

பதினோராவது ஞாயிறு, பழைய வேட்டியை விரித்து உண்டியலை உடைத்தோம். இருபத்திரண்டு காசு, சரியாக. மீன் கடையில் "இந்தக் காசு செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். சின்னவன் என்னைப் பார்த்தான். திரும்பக் கடைக்கு வந்து, காசைக் கல்லாவில் போட்டு இரண்டு நூறும் ஒரு இருபதும் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். சிவப்பும் நீலமுமாக ஒரு மீன். ஜாடி கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் மாற்றுவது, நினைத்தபடியே, நான்.

போன வாரம் காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். பெரிய தொட்டி 480, மோட்டார் 250, மீன் நான்கு 120, தீனி 40. அவனே கடைக்குப் போய் விசாரித்திருக்கிறான். நான் கூட்டிப் பார்ப்பதற்குள் கேட்டான், "மோட்டார் ராத்திரி பகல் ஓடுமாம்மா, கரண்டு காசு யார் கட்டணும்?" இன்னும் பதில் சொல்லவில்லை. மின்கட்டண அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்காரவேண்டும்.