பெர்கன் துறைமுக நகரைப் பொறுமையாகப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனுக்கு வருவோரில் பலர், வோகன் துறைமுகத்தின் எதிர்க்கரையில் நின்று பிரிகென் என்னும் பழைய வணிகத் துறைக்கரையின் வண்ண மரவீடுகளைப் படமெடுத்து, மீன் சந்தையைச் சுற்றிவிட்டு, மலை ரயிலில் ஒருமுறை ஏறி இறங்கியதோடு ஊரைப் பார்த்து முடித்ததாக எண்ணிக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த நகரம் எதனால் உருவானது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால் அதே வீடுகள் வேறு விதமாகத் தெரியும் என்பதால், முதல் நாள் காலையைப் பிரிகென்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

பிரிகெனின் ஒரு பகுதி 1955ஆம் ஆண்டுத் தீ விபத்தில் அழிந்த பிறகு, அவ்விடத்தில் பல ஆண்டுகள் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட 12ஆம் நூற்றாண்டுக் கட்டட அடித்தளங்களை அவை இருந்த இடத்திலேயே காத்து, அவற்றின் மேல் எழுப்பப்பட்டதே இந்த அருங்காட்சியகம். அகழாய்வில் ரூன் என்னும் பண்டைய வட ஐரோப்பிய எழுத்துகள் செதுக்கிய மரத்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் சில, சரக்கு மூட்டையில் உரிமையாளரின் பெயரைக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. ஒன்றில், நீ வீட்டுக்கு வரவேண்டும் என்று கீடா என்ற பெண் சொல்லியனுப்பிய செய்தி இருக்கிறது. அரசர்களின் கல்வெட்டுகளைவிட இத்தகைய சாமானியரின் வரிகளே ஒரு துறைமுகத்தின் அன்றாடத்தை நமக்கு நெருக்கமாக்குகின்றன என்பது என் கருத்து.

அங்கிருந்து பிரிகெனின் சந்துகளுக்குள் நுழையுங்கள். முகப்பை மட்டும் பார்த்துத் திரும்புவதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய தவறு. ஏனெனில் ஒவ்வொரு முகப்புக்கும் பின்னால் மரப்பலகை பதித்த குறுகிய சந்து ஒன்று நீண்டு செல்ல, அதன் இருபுறமும் கிடங்குகளும் அலுவலறைகளும் மேல்தளங்கள் துருத்தியபடி அடுத்தடுத்து நிற்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பிய வணிக நகரங்களின் ஹான்சா கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தங்கள் வணிக நிலையத்தை நிறுவினார்கள். நார்வேயின் வடகரையிலிருந்து, உப்பிடாமல் குளிர்காற்றிலேயே உலர்த்திய காட் மீன் கருவாடு படகுகளில் வந்திறங்கியது. தெற்கிலிருந்து தானியம் வந்தது. இந்தப் பண்டமாற்றே ஊரை வளர்த்தது. வணிகர்களும் பயிற்சிப் பையன்களும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது நிலையத்தின் விதி. மரக்கட்டடங்களில் நெருப்பு மூட்டவும் தடை இருந்ததால், சமைப்பதற்கும் குளிர்காய்வதற்கும் பின்புறத்தில் ஷோட்ஸ்டுவெனெ என்னும் கூடங்களைத் தனியே கட்டிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் 1702இல் பெருந்தீ எல்லாவற்றையும் விழுங்கியது. பழைய சந்துகளின் அமைப்பிலேயே மீண்டும் கட்டப்பட்ட வீடுகளில் எஞ்சியவையே 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நண்பகலில் சொகுசுக் கப்பல் பயணிகளால் சந்துகள் நிறைந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு முன் சென்றால் உங்கள் காலடியில் பலகை முனகும் ஓசையைக்கூடக் கேட்கலாம். முகப்புகள் தென்மேற்கு நோக்கியிருப்பதால் படமெடுக்க மாலை வெயிலே ஏற்றது.

அருகிலேயே இருக்கும் மரியா தேவாலயம் 12ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். 1408 முதல் 1766 வரை ஜெர்மானிய வணிகர்களின் வழிபாட்டிடமாக இருந்தது. துறைமுக முனையிலுள்ள ஹோகோன் மண்டபத்தையும் விட்டுவிட வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அது, 1944 ஏப்ரல் 20 அன்று வெடிபொருள் ஏற்றியிருந்த கப்பல் துறைமுகத்தில் வெடித்ததில் பெரும் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

ஊரின் கதை தெரிந்த பிறகு ஃபுளோயன் மலைக்குச் செல்லுங்கள். 1918 முதல் இயங்கும் மின் இழுவை ரயில் சில நிமிடங்களில் கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசேர்க்கும். அங்கிருந்து பார்க்கையில், காற்றுக்கு அஞ்சாமல் கப்பல்கள் ஒதுங்க ஏற்ற இடமாக வோகன் நிலத்துக்குள் நுழைந்திருப்பது தெளிவாகப் புரியும். இறங்கும்போது நடந்தே வாருங்கள். சரிவான பாதை மரவீடுகளுக்கிடையே உங்களைத் துறைமுகத்துக்கே கொண்டுவந்துவிடும்.

மழையைத் தவிர்க்க இயலாது. அட்லாண்டிக்கின் ஈரக்காற்று ஊரைச் சூழ்ந்த மலைகளில் மோதுவதால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. காற்று குடையைத் திருப்பிவிடும் என்பதால், தலைமூடியுள்ள மழைச்சட்டையும் நீர்புகாத, வழுக்காத காலணியும் எடுத்துச் செல்லுங்கள். ஒப்பீட்டளவில் மழை குறைவாகவும் பகல் மிக நீண்டும் இருக்கும் மே, ஜூன் மாதங்களே சிறந்தவை. மே 17 தேசிய நாள் என்பதால் அன்று ஊர்வலங்கள் உண்டு, பல கடைகள் மூடியிருக்கும்.

விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு லைட் ரயிலில் ஏறத்தாழ 45 நிமிடம் ஆகும். பயணச்சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். நாணயம் நார்வே குரோனர் என்றாலும் அட்டையே எங்கும் செல்லும். ஓஸ்லோவிலிருந்து வருவதாயின், 1909இல் திறக்கப்பட்ட ரயில் பாதையில் பகல் வண்டியையே தேர்ந்தெடுங்கள். ஏறத்தாழ ஏழு மணி நேரப் பயணத்தில், 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே நிலையத்தின் பனிவெளியைக் கடந்து, படிப்படியாகக் கடல் மட்டத்துக்கு இறங்கி பெர்கனை அடைவீர்கள்.