நூலகத்துக்காக இணையவழி எழுத்தாளர் சந்திப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளை நூலக வாசகர் வட்டங்கள் நடத்தும் இணையவழிச் சந்திப்புகளில் பேச்சு பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் நூலகத்துக்கு அதனால் ஒன்றும் சேருவதில்லை. எழுத்தாளர் தேதி கொடுத்ததும் அழைப்பிதழ் தயாராகிவிடுகிறது. அவருடைய புத்தகம் நூலக அலமாரியில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பிரதிகளாவது வாங்கி நூலகரிடம் கொடுங்கள். பதிவேட்டில் ஏறி எண் விழுந்த பிறகுதான் அவை இரவலுக்குப் போகும் என்பதால் கடைசி நாளில் கொடுத்துப் பயனில்லை.

இரண்டு பிரதிகளை முப்பது பேர் சுற்றிப் படிக்க முடியாது. ஒரே ஒரு சிறுகதையைத் தேர்ந்து, அதை மட்டும் எல்லோரும் நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லலாம். யாரும் படிக்காமல் கூடினால், எழுத வந்தது எப்படி என்ற வழக்கமான கேள்வியைத் தாண்டிக் கூட்டம் நகராது.

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளி விடுமுறை. கூடத்தில் திரை வைப்பதாக இருந்தால் அந்த நாள் வேண்டாம். எழுத்தாளர் டொராண்டோவில் இருந்தால் நம் மாலை 6 மணி அவருக்குக் கோடையில் காலை 8.30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7.30. அழைப்பில் இரு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை என்று 20 நிமிடம் கரைந்தால், முதல் கேள்வி எழும்போது திரை அணைந்துவிடும். கட்டணக் கணக்கு வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வரவேற்பு 5 நிமிடம், பேச்சு 25, கேள்விகளுக்கு 30 என்று வைத்தால் சரியாக இருக்கும்.

அதிகம் கெடுவது ஒலிதான். கூடத்தில் மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு பேர் கைபேசியிலும் அதே இணைப்பைத் திறப்பார்கள். உடனே எதிரொலி, பிறகு ஊளைச் சத்தம். மைக்கை மட்டும் மியூட் செய்தால் போதாது. கைபேசி ஸ்பீக்கரில் வரும் குரலை மடிக்கணினியின் மைக் மறுபடி பிடித்து அனுப்பும். அதனால் ஒரு கூடத்தில் ஒரே கருவிக்குத்தான் ஒலி இருக்க வேண்டும். கேள்வி கேட்பவர் பின்வரிசையில் நின்று கத்தாமல் எழுந்து வந்து, மைக்கிலிருந்து ஓரடி தூரத்தில் பேசட்டும். முந்தின நாள் அதே கூடத்தில், அதே நேரத்தில் ஒத்திகை பாருங்கள். வேறு நிறுவன சிம் போட்ட கைபேசியின் ஹாட்ஸ்பாட்டும் தயாராக இருக்கட்டும்.

இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பரவும்போது தொல்லை தருபவர்களும் நுழைவார்கள். திரைப் பகிர்வைக் கூட்டத்தை நடத்துபவருக்கு மட்டும் வைத்து, வருபவர்களை நாம் அனுமதிக்கும் வரை வெளியே நிறுத்திவைக்கும் காத்திருப்பு அறையை இயக்குங்கள். அதைக் கவனிக்க நெறியாளர் அல்லாத ஒருவர் வேண்டும். பேசிக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே அனுமதிப்பது நடக்காது.

நன்கொடைக்காகத் தனிநபரின் க்யூஆர் குறியீட்டைத் திரையில் காட்டவே கூடாது. பணம் முழுவதும் நூலகத்துக்குப் போனாலும் கணக்குக் காட்ட வழி இருக்காது. பழி நூலகர் மேல்தான் வரும். 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகும் திட்டம் தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் இருக்கிறது. செலுத்தும் முறையை நூலகரிடம் கேட்டு அறிவியுங்கள், ரசீது கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். புத்தகமாகத் தர விரும்புபவர்கள் நூலகர் கேட்கும் பட்டியலிலிருந்து தரட்டும்.

பதிவு செய்வதற்கும், கதையை முழுதாக வாசித்தால் அந்தப் பகுதியை வெளியிடுவதற்கும் எழுத்தாளரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். யூடியூபில் நேரலை செய்வதென்றால், புதுச் சேனலில் அந்த வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இரண்டு நாள் முன்பே அதை இயக்கி வையுங்கள்.