பிழைச்செய்தியைக் கீழிருந்து படியுங்கள்

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர், சிவப்பு எழுத்துகளில் பிழைச்செய்தியைக் கண்டதும் எழுதியதையே அழித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். கடைசி வரியை முதலில் படியுங்கள். பிழையின் வகையும் காரணமும் அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே வரி எண்.

மஞ்சள் மூட்டையின் எடையை ‘இன்புட்’ (தட்டுவதை வாங்கித் தரும் கட்டளை) மூலம் வாங்கி, சாக்கின் எடை 1 கிலோவைக் கழித்துப் பாருங்கள். ‘டைப் எரர்’ (வகைப் பிழை) வரும். நீங்கள் தட்டியது 65 என்றாலும் பைத்தானுக்கு அது வெறும் எழுத்துச்சரம். செய்தியின் கடைசியில் ‘எஸ்டிஆர்’ (எழுத்துச்சரம்), ‘இன்ட்’ (முழு எண்) என்று மோதிக்கொண்ட இரண்டு வகைகளும் இருக்கும். ‘ஃப்ளோட்’ போட்டு எண்ணாக்கினால் தீர்ந்தது.

அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும் (பாவம், அந்த வரி!). 2021இல் வந்த 3.10 பதிப்பு, மூடாத குறியையே காட்டிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் பழையது இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.