ஆர்வமா, ஆவலா, அக்கறையா? எந்தச் சொல்லை எங்கே போடுவது

பேச்சில் 'இன்ட்ரஸ்ட்' என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடுகிறோம். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது என் கண்ணில் அதிகம் படுவது 'ஆர்வமான கட்டுரை'. கட்டுரைக்கு ஏது ஆர்வம்? படிப்பவருக்குத்தானே! இப்படிப்பட்ட இடங்களை நான் சரிசெய்யும் வழி இது.

படி 1: ஆளைச் சொல்கிறோமா, பொருளையா என்று பாருங்கள். பொருள் என்றால் சுவாரசியமான, சுவையான, விறுவிறுப்பான. வேகமாக ஓடும் கதைக்குத்தான் விறுவிறுப்பு. நிதானமாக நகரும் நாவலும் சுவாரசியமாக இருக்கலாம். 'சுவையான தகவல்' நல்ல பிரயோகம், சமையல் குறிப்பில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: ஆள் என்றால், என்ன வகை ஆர்வம்? பலரும் தடுக்குவது இங்கேதான். மகனின் படிப்பில் ஆர்வமுள்ள அப்பா அவன் பாடப்புத்தகத்தைத் தானே எடுத்துப் புரட்டுவார். அக்கறையுள்ள அப்பா ஃபீஸ் கட்டியாச்சா, டியூஷனுக்கு நேரத்துக்குப் போனானா என்று பார்ப்பார். கணக்கு என்றாலே அவருக்குக் கசக்கலாம். அக்கறையில் பொறுப்பு கலந்திருக்கிறது. 'எப்படிப் போனால் எனக்கென்ன' என்று அவரால் சொல்ல முடியுமானால் அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

ஆவல் இனி வரப்போவதை நோக்கியது. தேர்வு முடிவு வந்ததும் அதை அறியும் ஆவல் தீர்ந்துவிடும். 'ஆவலான மாணவி' ஒட்டாது. 'ஆவலாக', 'ஆவலோடு' என்று வினையோடு சேருங்கள்.

ஈடுபாட்டுக்கு நேரமும் உழைப்பும் செலவாகியிருக்க வேண்டும். கர்நாடக இசையில் ஆர்வமுள்ளவர் இன்னும் ஒரு கச்சேரிகூடக் கேட்காதவராக இருக்கலாம். ஈடுபாடுள்ளவர் மார்கழியில் சபா சபாவாக அலைவார்.

சந்தேகம் வந்தால் நான் எடுப்பது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால் புழக்கம் பிடிபடும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் பழம்பொருளுக்குச் சரி, இன்றைய எழுத்துக்கு அதை நம்ப மாட்டேன். திருக்குறளில் 'ஆர்வலர்' அன்புடையவர். இன்றைய செய்தித்தாளில் 'சூழலியல் ஆர்வலர்' வேறு ஆள்.

பின்சேர்க்கை: 'சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் சுவாரசியம் ஆளுக்குத்தானே வருகிறது என்று பின்னூட்டத்தில் ஒருவர் மடக்கினார். உண்மைதான். 'ஆக' சேர்ந்தால் 'லயித்துப்போய்' என்ற பொருளும் வரும், அதனால் படி 1-ஐ 'ஆன' வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'சுவாரசியமான மனிதர்' விதிக்குள்தான் வருகிறார்: ஆர்வம் அவருக்கல்ல, அவரைப் பார்க்கும் நமக்கு. அப்புறம், 'ஆர்வக்கோளாறு' எழுதலாமா என்று இன்னொரு கேள்வி. முகநூலில் தாராளமாக. வேலை விண்ணப்பத்தில் வேண்டாம்.