பேம்பரா கோட்டைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், ஸ்காட்லாந்து எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே, நார்தம்பர்லாந்து கடலோரத்தில் கரும்பாறை ஒன்றின் முதுகு முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது பேம்பரா கோட்டை. ஒரு பக்கம் மணலும் வட கடலும், மறுபக்கம் சிறிய கிராமம். மணலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஆயிரம் ஆண்டுகள் அசையாமல் நின்ற ஒரே கட்டடம் போலத் தோன்றும் இந்தக் கோட்டையைப் பற்றி நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அந்த முதல் தோற்றத்தை நம்பிவிடுவதால் வருபவை. மீதிப் பாதி, வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது கைக்கு எட்டும் என்று நம்புவதால் வருபவை.

கண்ணில் படும் சுவர் எல்லாம், 11ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்களின் காலத்தது என்று எண்ணிக்கொள்வதே முதல் தவறு. ஐடா என்ற மன்னர் 547இல் ஆளத் தொடங்கியபோது இங்கே கோட்டை கட்டினார் என்றும், முதலில் அது வேலியாலும் பிறகு மதிலாலும் சூழப்பட்டிருந்தது என்றும் பழைய ஆங்கில ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஐடாவின் பேரர் ஏத்தல்ஃப்ரித் மன்னரின் மனைவி பெப்பா; அந்த அரசியின் பெயரால் பெப்பன்பர் என்று வழங்கிய ஊர்ப்பெயர்தான் தேய்ந்து பேம்பரா ஆயிற்று. ஆனால் அந்த மரக்கோட்டையில் இன்று பார்ப்பதற்கு ஏதும் மிச்சம் இல்லை. 993இல் வைக்கிங்குகள் அதைச் சூறையாடினார்கள். நார்மன்கள் வந்தபின் 12ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுந்த நடுக்கோபுரம்தான் இன்று நாம் காணும் கட்டடங்களில் உண்மையாகவே பழையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பெரிய பகுதி. ஏறத்தாழ மூன்று மீட்டர் கனமுள்ள அதன் சுவரைக் கடந்து உள்ளே நுழையும்போது வெளியே கேட்டுக்கொண்டிருந்த காற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுவதைக் கவனியுங்கள். வேறு எந்த அறையிலும் அந்த அமைதி கிடைக்காது.

கோட்டை எப்படி இடிந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போவது அடுத்த தவறு. அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச குலங்கள் மோதிய, ரோஜாப் போர்கள் எனப்படும் உள்நாட்டுப் போரின்போது, 1464இல், தோற்றுக்கொண்டிருந்த லங்காஸ்டர் தரப்பினருக்காக சர் ரால்ஃப் கிரே இந்தக் கோட்டைக்குள் அடைந்துகொண்டார். யார்க் தரப்பின் நான்காம் எட்வர்டு மன்னருக்காக வார்விக் பிரபு முற்றுகையிட்டார். ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகில் இருக்கும் இந்த அரணை மன்னர் சிதையாமல் பெற விரும்புகிறார், ஆகவே சுவரைச் சேதப்படுத்த நேரும் ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே இருப்பவர்களில் ஒரு தலை விழும் என்று வெளியிலிருந்து அறிவிக்கப்பட்டதாக அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை. ‘நியூகாசில்’, ‘லண்டன்’ என்று பெயரிட்ட பெரிய இரும்புப் பீரங்கிகள் சுட்டதில் மதிற்கற்கள் கடலில் தெறித்து விழுந்தன. ‘டிஜோன்’ என்ற பித்தளைப் பீரங்கி ரால்ஃப் கிரேயின் அறையையே பலமுறை துளைத்தது. இடிபாடு விழுந்து அவர் நினைவிழந்து கிடக்க, கோட்டை சரணடைந்தது. அவர் தலை துண்டிக்கப்பட்டது. பீரங்கியால் வீழ்ந்த முதல் ஆங்கிலேயக் கோட்டை என்று பேம்பரா பெயர் பெற்றது இப்படித்தான். சிதையாமல் வேண்டும் என்று கேட்ட மன்னருக்குக் கிடைத்தது சிதைந்த கோட்டை. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அது பெரும்பாலும் பாழாகவே கிடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், மதில்கள் ஏன் இவ்வளவு நேர்த்தியாக இருக்கின்றன என்ற கேள்வியே நமக்குள் எழும்.

அந்தக் கேள்விக்கு விடையாகப் பலரும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையை வாங்கிய ஆம்ஸ்ட்ராங் பிரபுவின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் இதனால் மறைந்துபோகிறவர் மறக்கத் தகாத மனிதர். டர்ஹம் ஆயராக இருந்த க்ரூ பிரபு 1721இல் இறந்தபோது தம் சொத்துகளை அறப்பணிக்கு எழுதிவைத்தார். அதில் இந்தக் கோட்டையும் சேர்ந்திருந்தது. அந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களில் ஒருவராக வந்த பாதிரியார் ஜான் ஷார்ப், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடுக்கோபுரத்தைச் செப்பனிட்டு அங்கேயே குடியேறினார். அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப் இவருடைய உடன்பிறந்தவர். ஏழைகளுக்குக் குறைந்த விலையில் தானியம், இலவச மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஒரு நூலகம் என்று போருக்காகக் கட்டிய அரண் முழுவதையும் அவர் ஊருக்குப் பயன்படும் இடமாக மாற்றினார். இந்தக் கடலோரம் கப்பல்களுக்குப் பொல்லாத இடம் என்பதால், மூடுபனி நாள்களில் எச்சரிக்கைப் பீரங்கி முழங்கவும், புயல் இரவுகளில் குதிரை வீரர்கள் கரையோரம் சுற்றிவந்து உடைந்த கப்பல் ஏதேனும் உண்டா என்று பார்க்கவும், கரை சேர்ந்த மாலுமிகள் தங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். லயனல் லூகின் என்பவர் மீன்பிடி படகு ஒன்றை எளிதில் மூழ்காதபடி மாற்றியமைத்து 1786இல் இங்கே உயிர்காக்கும் படகாக நிறுத்தியதும் ஷார்ப்பின் முயற்சியால்தான். கோட்டையின் முதல் மறுகட்டுமானம் ஒரு பிரபுவின் ஆடம்பரத்துக்காக அன்று, ஊராரின் தேவைக்காக நடந்தது.

இரண்டாவது மறுகட்டுமானமே இன்றைய தோற்றத்தைத் தந்தது. நியூகாசிலில் வழக்கறிஞராகத் தொடங்கி, நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளையும் பிறகு பீரங்கிகளையும் செய்து பெருஞ்செல்வரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங், தமது எண்பதுகளில், 1894இல், 60,000 பவுண்டுக்குக் கோட்டையை வாங்கினார். பீரங்கியால் வீழ்ந்த கோட்டையைப் பீரங்கி செய்தவர் எடுத்துக் கட்டினார் என்பது வரலாற்றில் நேர்ந்த ஒரு பொருத்தம். வயதான, வசதி குறைந்த கண்ணியமானவர்கள் ஓய்வெடுக்கும் இல்லமாக ஒரு பகுதியை ஆக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1900இல் அவர் இறந்துவிட, வேலை அடுத்த தலைமுறையின் கையில் முடிந்தது. தேக்கு மரக் கூரை போட்ட மன்னர் மண்டபம் இடைக்காலக் கூடம் இருந்த இடத்திலேயே எழுந்தது என்றாலும், அதன் உத்தரங்கள் விக்டோரியா காலத் தச்சர்களின் கைவேலை. முதல் முறை போனபோது நானும் அந்தக் கூரையை இடைக்காலத்தது என்று எண்ணியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்தபின் மறுபடியும் நிமிர்ந்து பார்த்தபோது, மரத்தின் இணைப்புகள் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, “அப்படியானால் இது போலிக் கோட்டை” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவும் தவறான முடிவு. இதே கடலோரத்தில் தெற்கே, 14ஆம் நூற்றாண்டில் எழுந்த டன்ஸ்டன்பரா கோட்டை யாரும் எடுத்துக் கட்டாமல் இடிபாடாகவே நிற்கிறது. வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவில் உள்ள சிறு கோட்டையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடுமுறை வீடாக மாற்றியமைத்தவர், பின்னாளில் புது தில்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்டியன்ஸ். மூன்றும் ஒரே வகைக் கரும்பாறையின் மேல் நிற்பவை. பழையதை அப்படியே விடுவது, எடுத்துக் கட்டுவது, வீடாக்கிக்கொள்வது என்ற மூன்று வழிகளையும் ஒரே கடற்கரையில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. எந்தக் கல் எந்தக் காலத்தது என்று கேட்டுக்கேட்டுப் பார்ப்பவருக்கே பேம்பரா தன்னை முழுதாகக் காட்டும்.

உள்ளே போனபின், அலங்கார அறைகளில் நேரத்தையெல்லாம் செலவிட்டுவிட்டு நடுக்கோபுரத்தின் அடித்தளத்தில் உள்ள கிணற்றை எட்டிப் பார்க்காமல் திரும்புவோர் பலர். கடினமான அந்தப் பாறையையும் அதன் கீழுள்ள மணற்கல்லையும் குடைந்து ஏறத்தாழ 44 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் இந்தக் கிணறு நார்மன்களுக்கும் முந்தையது. பாறையை நெருப்பால் சூடேற்றி, குளிர்ந்த நீரை ஊற்றி வெடிக்கச் செய்து வெட்டினார்கள் என்று சொல்கிறார்கள். மண்ணெடுத்து உறை இறக்கிய கிணறுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, ஒவ்வொரு முழமும் கல்லில் வெட்டிய அந்த உழைப்பின் அளவு சொல்லாமலே விளங்கும்.

அனுமதிச் சீட்டு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் பல பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், இங்கிலீஷ் ஹெரிடேஜ் ஆகிய அமைப்புகளின் உறுப்பினர் அட்டையோ சுற்றுலாச் சீட்டோ இருந்தால் இங்கேயும் இலவசமாக நுழையலாம் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் இது இன்றும் ஆம்ஸ்ட்ராங் குடும்பத்துக்குச் சொந்தமான கோட்டை. தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாள்கள் குறையும் என்பதால், கிளம்பும் முன் கோட்டையின் சொந்த இணையதளத்தில் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி போய்ச் சேரும் வழி. இங்கே முதல் இடறல் பெயர்களில்தான். எழுத்தைப் பார்த்து நாம் பேம்பர்க் என்று படிப்பதை அவர்கள் பேம்பரா என்பார்கள். ஆல்ன்விக் என்று படிப்பதை ஆனிக் என்பார்கள். பெர்விக் என்பது பெரிக். பேருந்து ஓட்டுநரிடம் நான் “ஆல்ன்விக்” என்று மூன்று முறை கேட்டும் அவருக்குப் புரியாமல், கடைசியில் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நியூகாசில் என்ற பெயரிலும் கவனம் தேவை. டைன் ஆற்றங்கரை நியூகாசிலே உங்களுக்கு வேண்டியது. ஸ்டாஃபர்ட்ஷயரில் நியூகாசில்-அண்டர்-லைம் என்று இன்னோர் ஊர் இருக்கிறது.

பேம்பராவில் ரயில் நிலையம் கிடையாது. ஆனிக் பெரிய ஊர் என்பதால் அங்கே ரயில் நிற்கும் என்று எண்ணித் திட்டமிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த ஊருக்கான கிளைப் பாதை 1968இலேயே பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்டது. ஆனிக்குக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆலன்மவுத் நிலையமே அதற்குரிய நிறுத்தம். ஆனிக்கிலும் புகழ்பெற்ற கோட்டை ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி அங்கேயே இறங்கிவிடுவோரும் உண்டு. வரைபடத்தில் பேம்பராவுக்கு மிக அருகில் தெரியும் சாட்ஹில் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் பெரிய பிழை. நாளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களே அங்கே நிற்கும், இறங்கினாலும் கோட்டை வரை சுமார் எட்டு கிலோமீட்டர் போக வேண்டும், வாடகை வண்டி காத்திருக்காது.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரா செல்லும் பாதையில் நியூகாசில், ஆலன்மவுத் அல்லது பெரிக்கில் இறங்கிப் பேருந்து பிடிப்பதே உகந்த வழி. எல்லா விரைவு ரயில்களும் ஆலன்மவுத்திலும் பெரிக்கிலும் நிற்பதில்லை என்பதால், சீட்டு எடுக்கும்போதே நிறுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். நியூகாசிலுக்கும் பெரிக்குக்கும் இடையே ஆனிக், சீஹவுசஸ், பேம்பரா வழியாக எக்ஸ் 18 என்ற பேருந்து ஓடுகிறது. நகரப் பேருந்து போல அடுத்தடுத்து வரும் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். காரில் வருவோர் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து பி1341 சாலையில் திரும்பினால் நேராகக் கிராமத்துக்கு வந்துவிடலாம். நியூகாசிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடாதீர்கள். கிராமத்தின் புனித ஏடன் தேவாலயம் இருக்கும் இடத்தில்தான் இந்தப் பகுதியில் கிறித்தவத்தைப் பரப்பிய துறவி ஏடன் 651இல் உயிர் துறந்தார். அதன் கல்லறைத் தோட்டத்தில், 1838இல் உடைந்த ஃபார்ஃபர்ஷயர் கப்பலிலிருந்தவர்களைக் காக்கத் தந்தையோடு துடுப்புப் போட்டுப் புயலில் இறங்கிய கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங் உறங்குகிறார். எதிரே அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. படம் எடுக்க விரும்புவோர், காலை வெளிச்சம் கடற்பக்க மதிலிலும் பிற்பகல் வெளிச்சம் கிராமப் பக்கத்திலும் விழும் என்பதைக் கணக்கில் கொள்ளலாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கோடையிலும் காற்றுத் தாங்கும் மேலங்கி வேண்டும்.

கடைசியாக, உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு. கோட்டை மதிலில் நின்றால் லிண்டிஸ்ஃபார்ன் தீவு கண்ணெதிரே தெரியும். நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. சாலை வழியே அது 25 கிலோமீட்டருக்கும் மேல், அதன் கடைசிப் பகுதியை நாளுக்கு இரண்டு முறை கடல் மூடுகிறது. நார்தம்பர்லாந்து கவுண்டி நிர்வாகம் ஒவ்வொரு நாளுக்கும் பாதுகாப்பான கடக்கும் நேரங்களை வெளியிடுகிறது. அவை நாள்தோறும் மாறும். நேற்று நண்பர் கடந்த நேரத்தை நம்பியோ, சாலை இன்னும் நனையவில்லையே என்று எண்ணியோ வண்டியை இறக்கக் கூடாது. கடக்கும் வழியில் உயரமான கால்களின் மேல் ஒரு மரக்கூண்டு நிற்பதைக் காண்பீர்கள். தண்ணீரில் வண்டி சிக்கிக்கொண்டவர்கள் ஏறித் தப்பிப்பதற்காக வைத்தது அது, இன்றும் அதற்கு வேலை இருக்கிறது.