ஈஸ்ட் செல் பிரியும்போது குரோமோசோம்கள் எங்கே நிற்கின்றன, எப்படிப் பார்ப்பது?

பாடப்புத்தகத்தில் வரும் எக்ஸ் வடிவக் குரோமோசோம்களை மனதில் வைத்துக்கொண்டு ஈஸ்ட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயம் போட்டால் மங்கலான ஒரு ஒளித்திட்டு தெரியும், அவ்வளவுதான். மொட்டு விடும் ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேயின் நியூக்ளியஸ் ஏறக்குறைய 2 மைக்ரான் அகலம். அதற்குள் 16 குரோமோசோம்கள், மொத்தம் 1.2 கோடி பேஸ் ஜோடிகள். 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் ஒன்றாகத்தான் காட்டும். போதாததற்கு, மனித செல்லில் சுருள்வதுபோல இவை இறுக்கமாகச் சுருள்வதும் இல்லை. எனவே குரோமோசோமின் சில இடங்களை மட்டும் ஒளிரவைத்து, அவை எங்கே நிற்கின்றன, எப்போது நகர்கின்றன என்று பார்த்துத்தான் மிச்சத்தை ஊகிக்க வேண்டும்.

அப்படி ஊகிக்க நியூக்ளியஸின் அமைப்பு முதலில் தெரிந்திருக்க வேண்டும், இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ஈஸ்ட் பிரியும்போது நியூக்ளியஸின் உறை உடைவதே இல்லை. குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைக்கட்டான ஸ்பிண்டிலின் துருவம் அந்த உறையிலேயே பதிந்திருக்கிறது, அங்கிருந்து கிளம்பும் மைக்ரோட்யூபியூல் இழைகளில் ஒவ்வொரு சென்ட்ரோமியருக்கும் ஒன்றே ஒன்று. (குரோமோசோமில் இந்த இழை பிடித்துக்கொள்ளும் இடமான சென்ட்ரோமியரும் இங்கே வெறும் 125 பேஸ் ஜோடி அளவுதான்.) அதனால் 16 சென்ட்ரோமியர்களும் துருவத்தின் பக்கத்தில் கொத்தாகக் கிடக்கும், குரோமோசோமின் கைகள் அங்கிருந்து எதிர்ப்பக்கமாக நீளும், முனைகளான டெலோமியர்கள் உறையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். குட்டைக் கையின் முனை துருவத்துக்குக் கிட்டே ஒட்டும், நீண்ட கையின் முனை தள்ளிப் போய் ஒட்டும். ஒற்றைத் தொகுதி உள்ள செல்லில் 32 டெலோமியர்கள் இருந்தாலும் அவை கூடிக்கொள்வதால் சில புள்ளிகளே தெரியும். துருவத்துக்கு நேர் எதிரே நியூக்ளியோலஸ், பிறை வடிவில். 12-ஆம் குரோமோசோமில் ரிபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான ஜீன்கள் ஏறக்குறைய 150 தடவை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் பகுதிதான் அது. இந்த மாதிரி அமைப்பை 1885-இல் கார்ல் ராபிள் வேறு உயிரின் செல்களில் விவரித்தார், அதனால் ராபிள் அமைப்பு என்றே சொல்கிறார்கள்.

இனி குறிகள். குறைந்தது இரண்டு நிறம் வேண்டும். ஒன்று துருவத்துக்கு: எஸ்.பி.சி.42 புரதத்தோடு ஒரு சிவப்பு ஒளிர் புரதத்தை இணைத்த ஈஸ்ட் வகை. இது இல்லாமல் எடுத்த படத்தை என்னைப் பொறுத்தவரை நம்பவே கூடாது, ஏனென்றால் புள்ளி நகர்ந்ததா, இல்லை நியூக்ளியஸ் மொத்தமாகத் திரும்பியதா என்று சொல்ல வேறு வழி இல்லை. இன்னொன்று பச்சை, நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கு. பாக்டீரியாவிலிருந்து எடுத்த லேக் ஆபரேட்டர் என்ற டி.என்.ஏ. வரிசையின் 256 பிரதிகளை அந்த இடத்தில் செருகி, அதில் போய் ஒட்டும் லேக் ரெப்ரஸர் புரதத்தோடு பச்சை ஒளிர் புரதமான ஜி.எஃப்.பி.யைச் சேர்த்தால் அந்த ஒரு இடம் மட்டும் புள்ளியாக ஒளிரும். 1990-களின் நடுவில் வந்த உத்தி, இன்றும் இதைவிட எளிமையானது இல்லை. அதே போன்ற இன்னொரு வரிசையான டெட் ஆபரேட்டரை வைத்தும் இதையே செய்யலாம். நியூக்ளியோலஸுக்கு நெட்1, சென்ட்ரோமியர் கொத்துக்கு எம்.டி.டபிள்யூ.1 ஆகிய புரதங்களில் ஒளிர் புரதத்தை இணைத்தால் போதும்.

செல்களை வளர்ப்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 30 டிகிரியில், சத்தான ஊடகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆனால் படம் எடுக்கும்போது மஞ்சள் நிறமுள்ள அந்தச் சத்தான ஊடகம் தானே ஒளிரும், ஆகவே செயற்கை ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஏ.டி.இ.2 ஜீன் பழுதான வகை என்றால் அடினினைத் தாராளமாகச் சேருங்கள், இல்லாவிட்டால் செல்லில் சேரும் சிவப்பு நிறமியும் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும்.

எல்லா செல்லையும் ஒரே கட்டத்தில் நிறுத்தி, சேர்த்துப் புறப்படவைக்க ஈஸ்ட்டின் இனச்சேர்க்கைச் சமிக்ஞையான ஆல்ஃபா ஃபாக்டர் போடலாம். இது 'ஏ' பாலின வகையில் மட்டுமே வேலை செய்யும். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் மொட்டில்லாத, ஒருபக்கம் கூம்பிய செல்களாக நிற்கும். பி.ஏ.ஆர்.1 நீக்கிய வகையானால் மிகக் குறைந்த அளவே போதும், ஏனெனில் ஆல்ஃபா ஃபாக்டரை வெட்டித் தள்ளும் நொதி அதில் இல்லை. நன்றாகக் கழுவிப் புது ஊடகத்தில் விட்டால் சுழற்சி தொடங்கும். குரோமோசோம்கள் பிரியக் காத்து நிற்கும் மெட்டாஃபேஸ் பக்கம் நிறுத்த நோகோடசோல் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் அது மைக்ரோட்யூபியூலையே கரைத்துவிடும், எனவே சென்ட்ரோமியர் எங்கே நிற்கிறது என்பதே உங்கள் கேள்வியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் சி.டி.சி.20 ஜீனை அணைத்து நிறுத்துவதே நல்லது, ஸ்பிண்டில் அப்படியே இருக்கும்.

படம் எடுக்க, செல்லைப் பிடித்துக்கொள்ளும் கான்கனாவலின் ஏ புரதம் பூசிய கண்ணாடியில் செல்களை ஒட்டவையுங்கள். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ், 0.2 முதல் 0.3 மைக்ரான் இடைவெளியில் அடுக்கடுக்காகப் படங்கள். ஒரே தளத்தில் எடுத்துவிட்டுத் தூரத்தை அளப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும், புள்ளிகள் மேலும் கீழுமாக இருந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். படம் எடுக்காத பக்கத்துப் பகுதியில் செல்கள் மொட்டு விட்டுப் பிரிந்துகொண்டிருக்க, நீங்கள் எடுத்த பகுதி மட்டும் அப்படியே நின்றால் ஒளியே செல்லைக் காயப்படுத்திவிட்டது.

சரி, படம் கிடைத்தாயிற்று. எந்தக் கட்டம் என்று மொட்டே சொல்லிவிடும். மொட்டு இல்லையென்றால் ஜி1 (டி.என்.ஏ. நகலாவதற்கு முந்தைய கட்டம்), சின்ன மொட்டு என்றால் டி.என்.ஏ. நகலாகிக்கொண்டிருக்கிறது, பெரிய மொட்டும், அது தாய் செல்லோடு சேரும் கழுத்தருகே ஒரே நியூக்ளியஸும் என்றால் மெட்டாஃபேஸ். அந்தக் கட்டத்தில் துருவங்கள் இரண்டாகி 1.5 முதல் 2 மைக்ரான் தள்ளி நிற்கும், நடுவில் சென்ட்ரோமியர் கொத்து இரண்டு திட்டாகப் பிரிந்து தெரியும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். சென்ட்ரோமியருக்கு மிக அருகே போட்ட புள்ளி இரண்டாகிவிட்டதே, நகல்கள் பிரிந்து விலகும் அனாஃபேஸ் வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். இரண்டு துருவங்களும் எதிரெதிராக இழுப்பதால் ஒரே குரோமோசோமின் இரு நகல்களிலும் உள்ள சகோதர சென்ட்ரோமியர்கள் மெட்டாஃபேஸிலேயே விலகி நிற்கும். அப்போதும் கைகளைக் கோஹீசின் என்ற புரத வளையம் சேர்த்தே பிடித்திருக்கும். கையின் நடுவிலோ முனையிலோ உள்ள புள்ளி பிரிந்தால்தான் நிஜமான அனாஃபேஸ். அப்போதுதான் தடுப்புப் புரதமான செக்யூரின் அழிந்து, அதிலிருந்து விடுபட்ட செபரேஸ் நொதி கோஹீசினின் எஸ்.சி.சி.1 பகுதியை வெட்டியிருக்கும்.

அதன் பிறகு எது முதலில் போகிறது, எது கடைசி என்று வரிசையைக் கவனியுங்கள். சென்ட்ரோமியர்கள் முன்னால், கைகள் பின்னால், முனைகள் அதற்கும் பின்னால். 4-ஆம் குரோமோசோமின் வலது கை பத்து லட்சம் பேஸ் ஜோடிக்கு மேல், அது அனாஃபேஸில் இன்னும் சுருங்கினால்தான் கழுத்தைத் தாண்டிப் போக முடியும். அதன் முனையில் ஒரு புள்ளியும் சென்ட்ரோமியரில் ஒரு புள்ளியும் போட்டுத் தூரத்தை அளந்தால் சுருங்குவது நேரடியாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசி 12-ஆம் குரோமோசோமின் ரிபோசோம் பகுதி. செபரேஸ் வெட்டினால் மட்டும் அது பிரியாது, சி.டி.சி.14 நொதியும் டி.என்.ஏ.வைச் சுருக்கும் காண்டென்சின் புரதமும் வேண்டும். சி.டி.சி.14 பழுதான வகையை 37 டிகிரியில் வைத்தால் மற்றவை எல்லாம் பிரிந்தும் நியூக்ளியோலஸ் மட்டும் இழுபட்டு நிற்பதைப் பார்க்கலாம், முதல்முறை பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

டாப்பி போடுபவர்களுக்கு ஒன்று: சைட்டோபிளாசத்தில் தெரியும் குட்டிப் புள்ளிகள் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., தப்பிப்போன குரோமோசோம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். சுருண்ட குரோமோசோமைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் பிளந்து பிரியும் ஈஸ்ட்டான ஸ்கைசோசாக்கரோமைசிஸ் பாம்பேக்கு மாறுங்கள், அதில் மூன்றே குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் 35 லட்சம் முதல் 57 லட்சம் பேஸ் ஜோடி வரை.

ஒன்றிரண்டு புள்ளி போதாது, முழு ஜீனோமும் வேண்டும் என்றால் ஹை-சி. எந்த டி.என்.ஏ. துண்டு எதன் பக்கத்தில் இருக்கிறது என்று ஒட்டவைத்து, வெட்டி, வரிசை படித்துக் கணக்கிடும் முறை. ஈஸ்ட்டின் முழு முப்பரிமாண மாதிரி இந்த வகை முறையில் 2010-இல் வந்தது, பின்னர் மைட்டோசிஸில் கைகளை மடித்துச் சுருக்குவதில் கோஹீசினுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் தெரிந்தது. ஆனால் இது லட்சக்கணக்கான செல்களின் சராசரி, ஒத்திசைவு சரியில்லை என்றால் ஜி1-உம் அனாஃபேஸும் கலந்த வரைபடம்தான் வரும். ஒரே குரோமோசோமின் நகல்களான சகோதர குரோமாட்டிட்கள் இரண்டுக்கும் வரிசை ஒன்றே என்பதால் சாதாரண ஹை-சி அவற்றைப் பிரித்தும் காட்டாது, அதற்குத் திரும்பவும் புள்ளிகளிடம்தான் வர வேண்டும்.