கத்தி உடம்புல படாமலே ஆடியன்ஸை அலற விடுறது எப்படி: அண்டர்கிரவுண்ட் ஷார்ட் ஃபிலிம் எடுக்கிறவங்களுக்கு

பியர்சிங், தையல், தோலை அறுக்கிறதுன்னு எக்ஸ்பெரிமென்டல் குறும்படம் எடுக்க கிளம்புற பசங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "ப்ரோ ரத்தம் எப்படி பண்றது"ன்னு தான். சொல்றேன், ஆனா அது கடைசி வேலை. ரத்தம் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற ஷாட்டை ஒழுங்கா வெக்கலைன்னா குடம் குடமா ஊத்தினாலும் ஜனம் சிரிச்சிட்டு போயிடும்.

முதல்ல, 1929-ல டைரக்டர் லூயி புனுவலும் ஓவியர் சால்வடோர் டாலியும் பாரிஸ்ல எடுத்த 'அன் ஷியென் அந்தாலு' படத்தோட ஆரம்ப சீனை சவுண்டை ம்யூட் பண்ணிட்டு ஷாட் ஷாட்டா நிறுத்தி பாருங்க. ஒருத்தன் (புனுவலே தான்) சவரக்கத்திய தீட்டுறான், கட்டைவிரல் நகத்துல வெச்சு கூர் பாக்குறான், பால்கனிக்கு வந்து நிலாவ பாக்குறான், ஒரு பொண்ணோட கண்ணை விரலால விரிச்சு பிடிக்கிறான், உடனே நிலாவுக்கு குறுக்க மெல்லிசா ஒரு மேகம் போகுது, அப்பாடா இதைத்தான் அறுக்கிற மாதிரி காட்டிட்டாங்க போலன்னு நாம மூச்சு விடுற நேரம் பாத்து க்ளோசப்ல கண்ணு அறுபடுது. அது செத்துப்போன கன்னுக்குட்டியோட கண்ணு. இதுல நீங்க எடுத்துக்க வேண்டியது அந்த மேகம் தான். பயம் காட்டு, தப்பிச்சோம்னு நம்ப வை, அப்புறம் அடி.

இன்னொரு வழி, ஹாலிவுட் டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செஸி காலேஜ் முடிச்ச புதுசுல 1967-ல பண்ண 'தி பிக் ஷேவ்'. வெள்ளை வெளேர்னு ஒரு பாத்ரூம், ஒரு பையன் ஷேவ் பண்றான், முடிச்சிட்டு திரும்பவும் நுரை போட்டு பண்றான், வெட்டுது, நிறுத்தவே மாட்டேங்குறான், பின்னாடி பழைய ஜாஸ் பாட்டு ஜாலியா ஓடிட்டே இருக்கு. வியட்நாம் போரை மனசுல வெச்சு எடுத்தது. ஆறு நிமிஷம் கூட வராது. நடிக்கிறவன் ஒரு தடவை கூட கத்தல, முகம் சுளிக்கல, அதனால வலிய நாம சுமக்க வேண்டியதா போயிடுது. அதனால உங்க ஆர்டிஸ்ட் கிட்ட "கத்து"ன்னு சொல்லாதீங்க, தினமும் பண்ற வேலை மாதிரி பண்ண சொல்லுங்க.

இப்ப முக்கியமான விஷயம், நிஜமா வெட்டிக்கிறேன் ப்ரோன்னு வர்றவங்களுக்கு. வேணாம். டாக்டர் பாக்கணும் போலீஸ் வரும்னு பயமுறுத்த சொல்லல, அதெல்லாம் தனி, ஸ்க்ரீன்ல அது எடுபடவே எடுபடாது. தன் உடம்பை வெச்சே கலை பண்ண பெர்ஃபார்மன்ஸ் ஆர்டிஸ்ட் கிறிஸ் பர்டன் 1971-ல கலிஃபோர்னியால ஃப்ரெண்டை விட்டு தன் இடது கைல ரைஃபிளால சுட வெச்சார், லேசா உரசணும்னு பிளான், குண்டு கையை துளைச்சிட்டு போச்சு. அதுக்கு கிடைச்ச ஃபுட்டேஜ் எட்டு செகண்ட் சூப்பர் 8 (சின்ன சைஸ் ஃபிலிம்). சுடுறான், இவர் கையை பிடிச்சிட்டு நடந்து வர்றார், அவ்ளோ தான் தெரியுது. அதோட ரெக்கார்டிங்ல அவரே, காலி தோட்டா தரையில விழுற சத்தத்தை கவனிங்கன்னு சொல்றார். அந்த டிங் சத்தம் தான் இன்னிக்கும் மனசுல நிக்குது.

இதுக்கு நேர் எதிர் வியன்னால இருந்த ஆர்டிஸ்ட் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ்கோக்லர். 1965-ல ஒரு மாடலுக்கு வெள்ளை பேண்டேஜ் சுத்தி, பக்கத்துல ப்ளேடு, மீன்னு வெச்சு ஸ்டில் எடுத்தார். ஒரு கீறல் கூட இல்ல. ஆனா அவர் 1969-ல ஜன்னல்ல இருந்து விழுந்து செத்த பிறகு, தன் ஆணுறுப்பை தானே வெட்டிக்கிட்டு செத்தார்னு கதை கிளம்பி 1972-ல டைம் பத்திரிகைலயே வந்துச்சு. போட்டோல இருந்தது அவரே இல்ல. ஒரு சுருள் பேண்டேஜ் பண்ண வேலை.

எந்த இடத்துல அடிக்கணும்னு அடுத்து யோசிங்க. அமெரிக்கால பாடி பியர்சிங் கூட்டத்துக்கு குருவா இருந்த ஃபகீர் முசாஃபர் மார்பு முழுக்க கம்பி குத்தி காவடி தூக்கினது 1985-ல வந்த ஒரு டாக்குமென்டரில இருக்கு, வெள்ளைக்காரங்க மிரண்டு போய் பாத்தாங்க. நம்ம ஆளு தைப்பூசத்துக்கு அலகு குத்துறத சின்ன வயசுல இருந்தே பாத்தவன், கன்னத்துல வேல் ஏறுற ஷாட் வெச்சா அரோகரா போட்டுட்டு பாப்கார்ன் சாப்பிடுவான். அவனுக்கு நகக்கண்ணுல ஊசி போற மாதிரி காட்டுங்க, துடிச்சிடுவான். எல்லாரும் அனுபவிச்ச சின்ன வலி தான் வேலை செய்யும்: நகம், பல் ஈறு, இமை ஓரம்.

சரி, சாமான் லிஸ்ட். ரத்தத்துக்கு பேக்கரி சாமான் கடைல லிக்விட் குளுக்கோஸ் வாங்கி தண்ணி விட்டு இளக்கி சிவப்பு ஃபுட் கலர் போடுங்க, பிங்க்கா தெரிஞ்சா கொஞ்சம் கோகோ பவுடர், அப்பவும் சரியா வரலைன்னா நீலம் ஒரே ஒரு சொட்டு. பிளாக் அண்ட் ஒயிட்னா கலரே வேணாம், சாக்லேட் சிரப் போதும், ஹிட்ச்காக்கோட 'சைக்கோ' பட ஷவர் சீன்லயே அது தான். வெட்டுக்கு மொக்கை கத்தி, கேமராவுக்கு தெரியாத பக்கம் மெல்லிசான ட்யூப் ஒட்டி, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல இருந்து இன்னொருத்தர் மெதுவா தள்ளணும், கத்தி நகர்ற வேகமும் ரத்தம் வர்ற வேகமும் ஒண்ணா இருக்கணும், இதை மட்டும் நல்லா ரிகர்சல் பண்ணுங்க. காயத்துக்கு ஜெலட்டின், கிளிசரின், கொஞ்சம் தண்ணி சேத்து சூடு பண்ணி, ஒரு தட்டுல ஊத்தி ஆறவிட்டு அப்புறம் தான் தோல்ல ஒட்டணும். லைட் சூட்டுல இளகும், அதனால காயத்தை கடைசியா ஒட்டிட்டு உடனே ஷூட்.

கம்பி உள்ள போய் வெளிய வர்ற மாதிரி வேணும்னா கம்பிய ரெண்டா வெட்டி, முனைய மழுக்கி, ரெண்டு பக்கமும் ஜெலட்டின் மேட்டுல செருகிடுங்க. ஆனா கேமரா ஆங்கிளை மாத்தாதீங்க, மாத்தினா மானம் போச்சு. லிக்விட் லேடெக்ஸ் (தோல் மாதிரி காய்ற ரப்பர் திரவம்) யூஸ் பண்ணா முந்தின நாளே ஆர்டிஸ்டோட முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வெச்சு அலர்ஜி பாருங்க, புருவத்துக்கு வாசலின் தடவாம பூசினா பிய்க்கும்போது புருவமும் வந்துடும். மோல்ட் (அச்சு) எடுக்க கையை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்குள்ள விடவே விடாதீங்க, அது கெட்டியாகும்போது கொதிக்கும், விரலே போயிடும். பல் டாக்டர்ங்க அச்சு எடுக்கிற அல்ஜினேட் பவுடர் வாங்குங்க.

சவுண்டை தனியா எடுங்க. தர்பூசணிக்குள்ள கைய விட்டு பிசையுற சத்தம் சதைக்கு, கேரட்டை துணில சுத்தி மைக் பக்கத்துல ஒடிச்சா எலும்பு.

படம் போடுறதுக்கு முன்னாடி என்ன வரப்போகுதுன்னு ஒரு கார்டு போட்டுடுங்க, ஷாக் குறையாது, காத்திட்டு இருக்கிறது இன்னும் மோசம். ஷூட் முழுக்க ஒரு போன்ல மேக்கிங் ஓடட்டும். ஜப்பான்ல 1985-ல வந்த 'கினி பிக்' சீரிஸ்ல ஒரு படத்தை பாத்துட்டு நிஜ கொலைன்னு நம்பி ஹாலிவுட் நடிகர் சார்லி ஷீன் புகார் பண்ணி எஃப்பிஐ வரைக்கும் போச்சு, அந்த சீரிஸுக்கு எப்படி எடுத்தோம்னு காட்டுற மேக்கிங் வீடியோவே தனியா இருக்கு. உங்களுதும் இருக்கட்டும், ஆர்டிஸ்ட் சம்மதம் சொல்றதையும் அதுலயே பதிவு பண்ணிக்கோங்க, டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சுடுங்க.